காதுகுத்துக்குப் போன பென்குயின்

குள்ளமாக இருப்பவர்கள் கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடலாம் என்று நெட்டையாக இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் உயரம் நாலடி பத்து அங்குலம். வாழ்க்கையில் நான் மிக அதிகமான பேர் கண்ணில் பட்டது இந்த உயரத்தால்தான். அதுவும் ஒரே நாளில், மேளதாளத்தோடு.

அப்போது நான் பொறியியல் படிப்பை முடித்துவிட்டுக் கீரனூரில் வீட்டோடு இருந்தேன். ("வீட்டோடதான் இருக்கா" என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது கடைசியில் ஒரு இழுவை இருக்கும்.) உண்மையில் நான் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூட நூலகங்களுக்கான ஒரு கட்டற்ற மென்பொருளில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கட்டற்ற மென்பொருள் என்றால், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், சரியில்லாததைச் சரி பண்ணி அனுப்பலாம். நான் அனுப்புவேன். அதைக் கவனித்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர் நிறுவனத்தின் மாலதி மேடம், "நன்று, சேர்த்துவிட்டேன்" என்று ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரியை நான் அன்றைக்கு முழுக்கப் படித்துக்கொண்டிருப்பேன்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் நடுவே அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. அவருக்குத் தெரியாதது என் வேலை ஒன்றுதான்.

"எல்லாத்தையும் சும்மா குடுக்குறவங்க, ஒனக்கு மட்டும் எங்கேருந்து ஆத்தா சம்பளம் குடுப்பாங்க?" என்று கேட்பார்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் பி.எட். சேர வேண்டும். ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று "சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போடுவதை நினைத்தாலே எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் புதுக்கோட்டையில் கட்டற்ற மென்பொருள் கண்காட்சி நடத்துவது என்று எங்கள் ஆர்வலர் குழு முடிவு செய்தது. குழு என்றால் ஐந்து பேர். தலைவர் செந்தில் அண்ணன், செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். நாலைந்து நிறுவனங்கள் அரங்கு போட ஒப்புக்கொண்டன. மாலதி மேடமும் எழுதினார்: "வருகிறேன். எங்களிடம் ஒரு வேலை காலியாக இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் எங்கள் அரங்கில் பேசலாம். மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவேன்."

அப்பாவிடம் காட்டினேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார்.

"சரி, இதுல கெடைச்சா போ. கெடைக்கலைன்னா பி.எட். அதுக்கப்பறம் இந்த வீட்டுல கம்ப்யூட்டர் பேச்சே இருக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன். வேறு வழியில்லை.

கண்காட்சிக்கு இடம், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. எங்கள் ஊர்ப் பக்கம் நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டுமானால் கல்யாண மண்டபம்தான். வைகாசி முகூர்த்த நாள் என்பதால் கீழ்க் கூடத்தில் ஒரு காதணி விழா. வாசலில் ஒரு பக்கம் காது குத்திக்கொள்ளப்போகும் மூன்று வயது யாழினிக்குக் கிரீடம் வைத்த ஃபிளெக்ஸ். மறுபக்கம் எங்கள் ஃபிளெக்ஸ். இரண்டையும் அடித்தவர் ஒருவரே. எங்கள் ஐந்து பேருக்கும் பின்னால் அவராகவே இரண்டு சிங்கங்களைச் சேர்த்திருந்தார்.

"வாசல்ல நின்னு ஆளைக் கூப்புடுறதுக்கு ஒண்ணு வேணும்ல" என்றார் செந்தில் அண்ணன். கட்டற்ற மென்பொருள்களில் பெரிய தலை ஒன்றுக்குச் சின்னம் பென்குயின். ஆகவே பென்குயின் வேஷம். கல்யாண வாசலில் நின்று குழந்தைகளுக்குக் கைகொடுக்கும் பொம்மை உடைகளை வாடகைக்கு விடும் கடைக்காரரிடம் கரடி இருந்தது, பாண்டா இருந்தது, பென்குயின் இல்லை. அவர் மனம் தளரவில்லை. பாண்டாவின் காதுகளை அறுத்தார், மூக்கில் ஆரஞ்சு நிறப் பஞ்சு ஒன்றைத் தைத்தார், "இனிமே இது நீங்க கேட்டதுதான்" என்றார்.

அது ஐந்தடிக்குக் குறைவானவர்களுக்கு மட்டுமே பொருந்தும் உடை. குழுவில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு மணி நேரந்தான் ரேவதி. பதினொண்ணுக்குக் கழட்டிட்டு நேரா மேடத்துக்கிட்ட போயிரு" என்றார் செந்தில் அண்ணன். மறுத்திருக்கலாம். ஆனால் இந்தப் பாழாய்ப்போன துறையில் யாராவது "கொஞ்சம் உதவ முடியுமா" என்று கேட்டால் உடனே தலையாட்டும் பழக்கம் வந்துவிடுகிறது.

கடைக்காரர் உடையை மாட்டிவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். "பேசக் கூடாதும்மா, பொம்மை பேசுனா புள்ளைங்க பயந்துரும். தலையை நீயா கழட்ட முடியாது, பின்னாடி கொக்கி போட்டுருக்கேன். ஆள் வச்சுத்தான் கழட்டணும்." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அன்றைக்கு முழுக்கக் குடித்திருக்க வேண்டும்.

பென்குயின் பனிப்பிரதேசத்துப் பறவை. புதுக்கோட்டை வைகாசியை அது பார்த்ததில்லை. உள்ளே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் இருக்க வேண்டிய இடத்தில் சல்லடைத் துணி. அதன் வழியாகத்தான் உலகம், காற்று எல்லாம். வந்தவர்களை மாடிப்படிக்குக் கைகாட்டினேன். பாதிப் பேர் எனக்குக் கை கொடுத்துவிட்டுக் கீழேயே சாப்பிடப் போனார்கள். அப்பா என்னோடுதான் வந்திருந்தார். யாழினியின் அப்பா அவருடைய பேருந்தில் தினசரிப் பயணி என்பதால் அவரும் கீழே போய் உட்கார்ந்துவிட்டார். பென்குயினுக்குள் நான் இருப்பது அவருக்குத் தெரியாது. (சொல்லியிருந்தால் அப்போதே கீரனூருக்கு வண்டி ஏற்றியிருப்பார்.)

பதினொன்று ஆகியிருக்கும். கொக்கியைக் கழற்ற ஆள் தேடித் திரும்பினேன். அப்போது தாய்மாமன் சீர் வந்தது.

பொன்னமராவதியிலிருந்து வேன் வைத்துக் கொண்டுவந்த சீர். வெடி, மேளம், தட்டுகளோடு பெண்கள் வரிசை. முன்னால் வெள்ளை வேட்டியில் தாய்மாமன், மாலை போட்டு. அவருக்கும் முன்னால் வீடியோக்காரர், பின்பக்கமாக நடந்து வந்தவர், என் மேல் மோதினார்.

"ஏம்ப்பா பொம்மை, ஓரமா நின்னா எப்புடி? முன்னாடி வா. ஆடு!"

நான் தலையை ஆட்டி மறுத்தேன். ஆட ஆரம்பித்துவிட்டதாக நினைத்து மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். கைகளை வீசி மறுத்தேன். விசில் பறந்தது. பின்னால் இருபது முப்பது தட்டுகள் தள்ள, நான் மறுத்துக்கொண்டே மேடை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன்.

மேடையோரம் ஒதுங்கி நின்றபோது, முன்வரிசையில் அப்பாவின் குரல் கேட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு மேலதான் இருக்கா. கம்ப்யூட்டர்ல எது கெட்டுப்போனாலும் சரி பண்ணிருவா. அவளைப் பார்க்கன்னே கோயமுத்தூர்லேருந்து ஆளு வந்துருக்குன்னா பாத்துக்கங்க."

வீட்டில் இதில் ஒரு சொல்லைக்கூட அவர் சொன்னதில்லை. உள்ளே எனக்குக் கண் கரித்தது. வியர்வை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இல்லை. இந்த மனிதர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், நான் மேலே போயே ஆக வேண்டும் என்று இருந்தது. படியை நோக்கி ஓர் அடி வைத்தேன்.

அதற்குள் யாழினி என்னைப் பார்த்துவிட்டாள். ஆசாரியின் ஊசியைக் கண்டு அதுவரை அலறிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து என் இறக்கையைக் கட்டிக்கொண்டாள். அழுகை நின்றது. கூடமே பெருமூச்சு விட்டது.

"காக்கா மடில உக்காந்துதான் குத்துவேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அதற்காகத்தான் அவர் விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருக்கிறார். அவர் முகம் சிவந்தது.

"தட்டு தட்டா சீரு கொண்டாந்தது, காக்கா மடியில வச்சுக் காது குத்துறதுக்கா? மச்சான், நீங்க திட்டம் போட்டுத்தான் இதை எறக்கிருக்கீங்க."

"சத்தியமா நாங்க இல்ல மச்சான்" என்றார் யாழினியின் அப்பா. "ஒங்க சீருக்கு முன்னாடிதானே ஆடிக்கிட்டு வந்துச்சு? நீங்க கூட்டிட்டு வந்ததுன்னுல்ல நாங்க நெனச்சோம்."

"நான் எதுக்குய்யா காக்காயைக் கூட்டிட்டு வாரேன்?"

இரண்டு பக்கத்து ஆட்களும் எழுந்து நின்றார்கள். குழந்தை மறுபடி அலறியது. சீர்த் தட்டுகள் திரும்பி வேன் ஏறிவிடும் போலிருந்தது. அப்போது முன்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார். பேருந்தில் சீட்டுச் சண்டை தீர்த்தே தலை நரைத்தவர்.

"அண்ணே, பொறுங்க. இதுல என்ன இருக்கு? எடம் ஒங்களுதுதான். நீங்க உக்காருங்க. புள்ளை ஒங்க மடியில. பொம்மை ஓரமா உக்காந்து கையை மட்டும் குடுக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏய், என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிற? உக்காரு. அங்கிட்டுத் தள்ளி உக்காரு. இன்னுங் கொஞ்சம். ம், ரைட்!"

ரைட் என்றதும் மேளக்காரர் கெட்டிமேளம் அடித்துவிட்டார்.

"அப்பா" என்றேன். பஞ்சைத் தாண்டி அது ஒரு முனகலாக வெளியே போனது.

"சத்தம் போடாம உக்காரு" என்றார் அப்பா.

முதல் காது குத்தும்போது யாழினிக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இரண்டாவது காதுக்குத் தெரிந்துவிட்டது. என் அலகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தாய்மாமன் அவளை அந்தப் பக்கம் இழுத்தார். கொக்கி பிய்ந்து, என் தலை அவர்களோடு போனது.

மேளம் நின்றது. முகமெல்லாம் முடி ஒட்டி, பொட்டு மூக்கு வரைக்கும் வழிந்து, கழுத்துக்குக் கீழே பென்குயினாக நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே அப்பா, வாய் திறந்தபடி. அந்த இடத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் போட்டோக்காரர் ஒருவர்தான். ஃபிளாஷ் அடித்தது.

பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார். "கோயமுத்தூர்லேருந்து பார்க்க வந்துருக்காகன்னீங்களே, அந்தப் பொண்ணா?"

"ஆமா" என்றார் அப்பா.

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த இடத்தில் என்னைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

எழுந்து ஓடினேன். முதுகு ஜிப்பு திறக்கவில்லை. வாத்து நடையில் மாடி ஏறினேன். அரங்கில் நாற்காலி காலி.

"மேடமா? மாடியில இருக்கவங்களையும் சாப்பிடக் கூப்புட்டாங்களே, கீழ பந்திக்குப் போயிட்டாங்க" என்றார் செந்தில் அண்ணன். தலை இல்லாத பென்குயினைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பந்தியில் ஒரு கண்ணாடி போட்ட அம்மாள் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரேவதி தானுங்களே? காலையிலிருந்து உங்களைத்தான் தேடுறேன். கேட்ட இடமெல்லாம் பென்குயினுக்குள்ள இருக்காங்கன்னே சொன்னாங்க. நான் ஏதோ மென்பொருள் பேருன்னு நெனச்சேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் அப்பா வந்து உட்கார்ந்தார். மூன்று பேருக்கும் இலை போட்டார்கள். வாழ்க்கையின் முதல் நேர்காணல் தொடங்கியது.

"ஒரே புத்தகத்தை ரெண்டு பேருக்கு இரவல் குடுத்ததா காட்டிட்டு இருந்துச்சுங்களே, அது எதனாலன்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

அந்தப் பிழையை நான் பல நாள் தோண்டியிருந்தேன். எல்லாம் மறந்துபோய் விளக்கினேன். ஆசிரியை ஒருவர் இங்கே பதிகிறார், இன்னொருவர் அதே நேரம் அங்கே பதிகிறார் என்று இறக்கையை வீசிக் காட்டியதில் அப்பாவின் ரசம் அவர் மடிக்கே போனது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும் அவர் கேட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. எல்லாத்தையும் சும்மா குடுத்துட்டு, எம் பொண்ணுக்கு எப்புடிச் சம்பளம் குடுப்பீங்க?"

மாலதி மேடம் இலையைக் காட்டினார். "இந்தப் பந்தியில சாப்பாட்டுக்கு யாராவது காசு குடுத்தாங்களா?"

"இல்லை."

"சமையல்காரருக்குக் கூலி உண்டுங்களா?"

"அது உண்டு."

"நாங்க சமையல்காரங்க சார். பொருள் சும்மாதான். பள்ளிக்கூடத்துல போய் அதைப் போட்டுக் குடுக்கறது, சொல்லித் தர்றது, கெட்டா சரி பண்றது, அதுக்குக் கூலி."

அப்பா பந்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சாப்பிட்டவங்க மொய்யும் எழுதுவாங்கல்ல மேடம்."

"எழுதறவங்களும் இருக்காங்க" என்றார் மேடம். பிறகு என்னிடம், "அடுத்த மாசம் வந்துருங்க. வேற உடுப்புல" என்றார்.

 அப்பா தன் இலையில் இருந்த கறித் துண்டை எடுத்து, இறக்கைக்குள் கை மாட்டிக்கொண்டிருந்த எனக்கு ஊட்டினார். நாலாம் வகுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

யாழினி வீட்டார் நல்லவர்கள். மறுமாதமே ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். பென்குயின் உடம்பில் என் தலை, மாமன் மடியில் அலறும் குழந்தை, அவள் கையில் என் இன்னொரு தலை. அப்பா அதைக் கூடத்தில் மாட்டினார். நான் எத்தனை முறை கழற்றினாலும் திரும்ப மாட்டுகிறார். இன்றைக்கும் வீட்டுக்குப் புதிதாக வருபவர்கள் அதன் முன்னால் நின்று, "இது யாரு?" என்று கேட்கிறார்கள்.

"எம் பொண்ணு" என்கிறார் அப்பா. "வேலைக்கு இன்டர்வியூ போனப்ப எடுத்தது."