பார்வோன் வீட்டு நிலைக்கால்

தேனி பஜாரிலேயே கடவுளை நிஜமாக நம்பிய ஒரே ஆள் எங்கள் ஜின்னிங் மில் ஆயில்மேன்தான். மற்றவர்கள், எங்கப்பா உட்பட, சர்ச்சுக்குப் போய்வந்தவர்கள். அவ்வளவுதான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஏதோ இருந்தது. ஊருக்கு அவர் மோசே. வருசநாட்டுக்காரர், மொட்டைத்தலை, கையில் எப்போதும் மிஷினுக்கு விடும் எண்ணெய்க் கேன்.

அறுபதுகளின் கடைசி. காலையில் பெண்ணாட்களை உள்ளே விட்டு மில் கேட்டைப் பூட்டினால், அப்பா பொழுது சாய்ந்துதான் திறப்பார். இடையில் திறந்தால் பஞ்சு மடியில் போய்விடுமாம். வெளியே வேப்பமரத்துத் தூளிகளில் பச்சைப்பிள்ளைகள் கதறும். உள்ளே தாய்மாருக்கு மார்ச்சேலை நனையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எகிப்தில் பார்வோன் ராஜாவுக்கு அடிமைப்பட்ட ஜனங்களை, பத்து வாதைகளை அனுப்பி, மோசேயைக் கொண்டு ஆண்டவர் மீட்ட கதையை சர்ச்சில் அப்பாதான் கணீரென்று வாசித்தார். மறுநாள் மோசே ஆபீஸ் வாசலில் நின்றார்.

"மொதலாளி, மத்தியானம் செத்த நேரம் கேட்டைத் தெறந்து விடுங்க. பிள்ளைக பால் குடிக்கட்டும். ஆண்டவர் சொல்லச் சொன்னாக."

"ஏலே, எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"நேத்து நீங்கதானய்யா வாசிச்சீக?"

அப்பா விரட்டிவிட்டார். வாதைகள் ஆரம்பமாயின.

முதலில் தண்ணீர் ரத்தமாகணும். மோசே எங்கள் தண்ணித் தொட்டியில் கேசரிப் பவுடரைக் கொட்டினார். அப்பா "மேமலையில மழை போல" என்று வாய் கொப்பளித்துவிட்டுப் போனார். அடுத்து, வயலில் பிடித்த ஒரு சாக்குத் தவளையை ஆபீசுக்குள் அவிழ்த்துவிட்டார். அன்றைக்கு அப்பா நாற்காலிமேல் ஏறி நின்று, "நாளைக்குத் தெறக்கேன்டா!" என்று அலறினார். மறுநாள் கேட்டால், "யாரு சொன்னா?" மோசே மில் சுவரில் கரியால் 'மனசு கல்லாச்சு' என்று எழுதினார்.

மூன்றாவது, பேன். மொட்டைத்தலையில் பேனுக்கு எங்கே போவார்? பெண்ணாட்களிடம் கெஞ்சி ஒரு தீப்பெட்டி நிறைய வாங்கி அப்பா நாற்காலியில் விட்டார். அப்பாவும் வழுக்கை. பாவம், பேன்கள்தான் பிழைக்க வழியில்லாமல் செத்தன.

இப்படியே ஒன்பது வரைக்கும் வந்துவிட்டது. ஒன்பதாவது, இருட்டு. பியூசைப் பிடுங்கிவிட்டார். அப்பவும் கேட் திறக்கவில்லை.

"ஆத்தாடி! பத்தாவதுல தலைச்சன் பிள்ளையில்ல சாகும்!" என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தலைச்சன் நான். மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டு லீவுக்கு வந்திருந்தேன். அப்பா சிரித்தார். மோசே சிரிக்கவில்லை.

"மொதலாளி, அடுத்தது என் கையில இல்ல. அது ஆண்டவரே செய்யிறது. தெறந்துருங்கய்யா." மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் கெஞ்சினார்.

நாலாம் நாள் விடிந்ததும் பல் விளக்க வாசலுக்கு வந்தேன். மோசே முக்காலிமேல் நின்று, கிண்ணத்து ஆட்டு ரத்தத்தைப் பஞ்சில் தொட்டு எங்கள் நிலைக்காலில் பூசிக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதீக தம்பி. ரத்தத்தைப் பாத்தா சாவு தாண்டிப் போயிரும்."

"அது அடிமைக வீட்டுலல்ல பூசணும்? இது பார்வோன் வீடு, மோசே."

"தெரியும். அதுக்கு நீங்க ஏன் தம்பி சாகணும்?" எட்டி மேல்கட்டைக்கும் ஒரு பூச்சுப் பூசினார்.

அப்பா எழுந்து வந்தார். தலைச்சன் பிள்ளைக்குச் செய்வினை வைத்துவிட்டான் என்று போலீசைக் கூப்பிட்டார். வந்தவர்கள் என் கண் முன்னாலேயே மோசேயை அடித்தார்கள். "இவன் செய்வினை வச்சதை நீ பாத்தியாடா?" என்று அப்பா கேட்டார். நான் இன்னமும் பல் விளக்கிக்கொண்டே இருந்தேன். வாயில் நுரை இருந்தது. உண்மையைச் சொல்லாததற்கு அதுதான் சாக்கு.

ஸ்டேஷனிலிருந்து வெளியே விட்டதும் மோசே போடி மலையேறி ஏதோ ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டார். திரும்பவேயில்லை. மில் கேட்டும் மத்தியானத்தில் திறக்கவில்லை. நான் செத்திருந்தால் திறந்திருக்கும். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. பின்னால் சாவி என் கைக்கு வந்தபோது மில்லே மூடிக் கிடந்தது. திறந்துவிட்டேன். நாலு ஆடு உள்ளே போனது.

நிலைக்காலை அன்றைக்கே கழுவிவிட்டார்கள். மேல்கட்டையில் ஒரு கருப்புத் திட்டு மட்டும் போகவில்லை. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் பெயிண்டர் வருவார். "அங்கன மட்டும் தொடாதப்பா" என்று சொல்லிவிட்டு, வேலை முடியும்வரை அந்த வாசலிலேயே நிற்பேன்.