இரண்டாம் எண் மோட்டாரின் பரிபூரண ஆரோக்கியம்

நோய் வந்தபின் மருந்து கொடுப்பவன் சாதாரண வைத்தியன். நோய் வருமுன்பே நாள் குறித்துச் சொல்பவன் ஞானி. அந்தக் கணக்கில் பார்த்தால், திருவண்ணாமலையில் இதுவரை வாழ்ந்த சித்தர்கள் அத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்தாலும், மலைசூழ் குடிநீர் வழங்கல் கழகத்தை வைத்த தட்டுதான் தாழும். சித்தர்கள் மனிதர்களின் எதிர்காலத்தைத்தான் சொன்னார்கள். கழகம் மோட்டார்களின் எதிர்காலத்தைச் சொன்னது.

மோட்டார் கெட்டபின் மெக்கானிக்கைத் தேடி ஓடுவது பழைய காலம். கெடப்போவதை முன்பே தெரிந்துகொண்டு சரிசெய்வது புதிய காலம். இதற்கு ‘முன்கணிப்புப் பராமரிப்பு’ என்று பெயர். சென்னையில் ஒரு கம்பெனி ‘முக்காலம்’ என்ற கருவியைச் செய்து கொடுத்தது. சுண்ணாம்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. மோட்டார் மேல் ஒட்டிவிட்டால் அதன் சூட்டையும் அதிர்வையும் நொடிக்கு நொடி அளந்து, டவுனில் கோட்ட அலுவலகச் சுவரில் மாட்டிய பெரிய போர்டுக்கும் சென்னைத் தலைமையகத்துக்கும் அனுப்பும். மோட்டார் நலமென்றால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், சாகக் கிடந்தால் சிவப்பு.

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை ஊரின் நீரேற்று நிலையத்தில் அந்தப் பெட்டியை ஒட்டிய நாளில் வேடியப்பனைப் போல மகிழ்ந்தவர் யாருமில்லை. அவன் அங்கே ஒன்பது வருடமாக ஒப்பந்த ஆபரேட்டர். வருகிற ஜனவரியில் நிரந்தரப் பட்டியல் வெளியாகும் என்றும், அதில் தன் பெயர் நான்காவது என்றும் அவனுக்குத் தெரியும். தன் ஷிஃப்டில் மோட்டார் நின்றுபோனால் அந்தப் பெயர் இருக்காது என்பதும் தெரியும். முதலாம் எண் மோட்டார், எரிந்த செம்புக் காயிலைப் புதிதாகக் கட்ட ஒர்க்ஷாப்புக்குப் போய் எட்டு மாதமாகிவிட்டது. இரண்டாம் எண் மோட்டாரில் பேரிங் தேய்ந்து, மேஜைமேல் வைத்த டீ டம்ளர் தானாகவே நகர்ந்துபோய் ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கழகத்திடம் வாயால் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது.

மறுநாளே முக்காலம் வாயைத் திறந்தது. போர்டில் அடி அண்ணாமலை சிவப்பாயிற்று. ‘பேரிங் பழுது. எஞ்சிய ஆயுள் எழுபது நாள்.’

உதவிப் பொறியாளர் சுரேஷ்குமார் ஜீப்பில் பறந்து வந்தார். புதுப் பேரிங்கோடு வந்திருக்கிறார் என்று நினைத்து வேடியப்பன் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தான். அவர் கையில் போன்தான் இருந்தது.

“என்னாய்யா பண்ணி வெச்சிருக்க?”

“நான் ஒண்ணும் பண்ணல சார். பேரிங் போயிட்டிருக்குது. நான் சொன்னதத்தான் அதுவும் சொல்லுது.”

“பேரிங் போனா போவுதுய்யா. செவப்பு எதுக்கு வந்துச்சு?”

“பேரிங் போறதாலதான் சார்.”

“மத்த பதினோரு ஸ்டேஷனும் பச்சை. நம்மது மட்டும் செவப்பு. சென்னையில எல்லாரும் பாக்குறாங்க. நான் மூஞ்சிய எங்கய்யா வெச்சிக்கிறது?”

மற்ற பதினொன்றில் மூன்றில் மோட்டாரே ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

“பேரிங் மாத்திட்டா பச்சையாயிடும் சார். அரை நாள் வேல.”

“மாத்துறதுக்கு எஸ்டிமேட் போடணும். போட்டா ஏன் போச்சுன்னு கேப்பாங்க. ஏன் போச்சுன்னா கிரீஸ் ஏன் வாங்கலன்னு கேப்பாங்க. நீ வாய மூடிக்கிட்டு கொஞ்சம் பொறுமையா இருய்யா.”

சுரேஷ்குமார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அன்று மாலையே கோட்ட அலுவலகத்தில் மிக்சரும் காபியும் வரவழைத்து ‘சிவப்புக் குறைப்புத் துணைக்குழு’ கூட்டப்பட்டது. சிவப்பை அடர்ந்த ரோஜா நிறமாக மாற்றிவிடலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அது நீண்டகாலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. கடைசியில், கருவி புதியது, இன்னும் பாடம் படிக்கிறது, ஆகவே அது சொன்னது ‘கற்றல் காலத் தவறு’ என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். சின்னப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டால் பெரியவர்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆனால் கருவிக்குத் தீர்மானத்தைப் படிக்கத் தெரியவில்லை. சிவப்பாகவே நின்றது.

பன்னிரண்டாம் நாள் ஆயுத பூஜை. நிலையத்தைப் பெருக்கித் துடைக்கும் சரசு விடியற்காலையிலேயே வந்து கேட்டைக் கழுவி, ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வைத்து, மோட்டார் பக்கம் வந்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்து அவளுக்கு மனசு ஆறவில்லை.

“இம்மாம் படிச்ச பொட்டிய போயி இந்த அழுக்குலயா ஒட்டி வெப்பாங்க?” என்று அதைப் பெயர்த்தாள். மோட்டாரைத் துணியால் துடைத்து, எலுமிச்சம்பழ அளவுக்குச் சந்தனத்தை உருட்டி அப்பி, அதன் மேல் பெட்டியை அழுத்தி உட்காரவைத்தாள். நடுவில் குங்குமம். வேடியப்பன் பூசணிக்காய் உடைக்க வெளியே போயிருந்தான். அவன் திரும்பி வந்து பொரியில் கை வைப்பதற்குள் போன் அடித்தது.

“யோவ், என்னாய்யா பண்ண?” என்று சுரேஷ்குமார் கத்தினார்.

“ஒண்ணும் பண்ணல சார். பூஜ போட்டோம்.”

“பச்சையாயிடுச்சுய்யா!”

வேடியப்பன் ஓடிப்போய்ப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

“சார், பொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல சந்தனம் மெத்தையாட்டம் கெடக்குது. சூடும் ஏறல, ஆட்டமும் தெரியல. அதான் சார். உள்ள பேரிங் அப்படியேதான் இருக்குது.”

“அது இருக்கட்டும். சந்தனத்த எடுத்துடாத.”

மகத்தான கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படித் தற்செயலாகத்தான் நிகழ்கின்றன. அவற்றைத் தற்செயலாக விட்டுவிடாமல் சுற்றறிக்கையாக்குகிறவர்தான் நிர்வாகி. மறுநாள் விடியலில் சந்தனம் காய்ந்து விரிசல் விட்டது. போர்டு மஞ்சளாயிற்று. சுரேஷ்குமார் அன்றைக்கே சுற்றறிக்கை எழுதிச் சென்னையின் ஒப்புதலையும் வாங்கிவிட்டார்: ‘தினமும் காலை ஏழு மணிக்குள் உணரிக்கு இயற்கைவழித் தணிப்பு செய்யப்பட வேண்டும்.’ உணரி என்றால் பெட்டி, தணிப்பு என்றால் சந்தனம். அந்தப் பொறுப்பு சரசுவுக்கு அளிக்கப்பட்டது. சந்தனப் பொடி கேட்டு எழுதிய கோரிக்கை மூன்றே நாளில் நிறைவேறியது. அதே தாளில் வேடியப்பன் பேரிங் கேட்டு எழுதியது, ‘எஞ்சிய ஆயுள் நானூற்றுப் பன்னிரண்டு நாள் எனக் கருவி காட்டுவதால் தேவை எழவில்லை’ என்று திரும்பி வந்தது.

ஐப்பசியில் அடி அண்ணாமலைக்குச் ‘சிறந்த பசுமை நிலையம்’ விருது கிடைத்தது. சென்னையில் மேடையேறி சுரேஷ்குமார் கேடயம் வாங்கினார். மரபும் அறிவியலும் கைகோத்த இடம் என்று பேசினார்கள். மற்ற கோட்டங்களிலிருந்து பொறியாளர்கள் வேனில் வந்து, சரசு சந்தனம் குழைப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே ஒரு சுற்று கிரிவலமும் போய்விட்டுத் திரும்பினார்கள். இரண்டாம் எண் மோட்டார் அவர்கள் முன்னால் கட்டிடமே அதிர ஓடியது. ஒருவரும் அதன் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் போனில் போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேடியப்பன் கழகத்துக்குத் தனியாகக் கடிதம் எழுத ஆரம்பித்தான். முதல் கடிதத்துக்கு, ‘பதிவு செய்யப்பட்டது’ என்று பதில் வந்தது. இரண்டாவதுக்கு, ‘தரவு ஆதாரம் இணைக்கவும்’ என்று வந்தது. ‘கை வைத்தால் சுடுகிறது’ என்று மூன்றாவதில் எழுதினான். ‘கை அங்கீகரிக்கப்பட்ட உணரி அல்ல’ என்று பதில் வந்தது. அவன் விடவில்லை. எந்தப் பேரிங், எந்தப் பக்கம், எத்தனை நாள் தாங்கும் என்று விவரமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைத்தான். பேரிங்கை நானே வேலூரில் வாங்கி மாட்டிவிடுகிறேன் என்றும் கேட்டுப்பார்த்தான். விருது பெற்ற மோட்டாரைத் தொடக்கூடாது என்று சுரேஷ்குமார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“எழுதி எழுதி என்னாத்த கண்டீங்க?” என்று வீட்டில் தனம் கேட்டாள். “பேப்பர் வாங்கறவங்க ஒருத்தராச்சும் படிக்கிறாங்களா?”

“படிக்க வேணாம். நாளைக்கு மோட்டாரு நின்னா எல்லாம் என் தலையிலதான் வந்து விடியும். நான் சொன்னேன்னு காட்டுறதுக்குக் கையில ஏதாவது இருக்கணும் இல்ல?”

“ஜனவரி வரைக்கும் ஓடிச்சின்னா போதும்” என்றாள் தனம். அவளுக்கும் பயம் இருந்தது. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே அந்த நிரந்தரப் பட்டியலை நம்பித்தான்.

ஏழு கடிதம் ஆயிற்று. கார்த்திகை பிறந்து, கோயிலில் கொடியேறி, ஊர் தீபத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. தீபத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், காலை பத்து மணிக்கு இரண்டாம் எண் மோட்டார் ஒரு தரம் அலறியது. பேரிங் உடைந்து ஷாஃப்ட் இறுகி, கரும்புகை கிளம்பி, நின்றுவிட்டது. முக்காலம் முதல் நாள் சொன்ன எழுபது நாளுக்குத் துல்லியமாகச் சரி. வேடியப்பன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

“சார், மோட்டார் நின்னுடுச்சு.”

“போர்டுல பச்சையா இருக்குதேய்யா.”

“நான் எதுத்தாப்புல நின்னு பாக்குறேன் சார். புகையா இருக்குது.”

“நானும் எதுத்தாப்புல நின்னுதான் பாக்குறேன். இப்ப ஆரோக்கியம் நூத்துக்கு நூறு காட்டுது. நேத்து தொண்ணூத்தி ஒம்போதுதான் இருந்துச்சு. ஜாஸ்திதான் ஆயிருக்குது.”

அதிலும் தவறில்லை. நின்ற மோட்டார் சூடாவதில்லை, அதிர்வதில்லை. செத்தபின் அதற்கு ஒரு நோயும் இல்லை.

சுரேஷ்குமார் போர்டை நம்பி மாலைவரை கிளம்பவில்லை. மறுநாள் மேல்நிலைத் தொட்டி காலியானபோது குடங்களோடு அடி அண்ணாமலையே கேட்டில் நின்றது. கிரிவலப் பாதையில் மோர்ப் பந்தல் போடும் பச்சையம்மாள் முன்னால் வந்தாள்.

“வர்ற ஜனத்துக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க வக்கில்ல. சொவத்துல பச்ச லைட்டு எரியுதாம், பச்ச லைட்டு! அதக் கரச்சிக் குடிக்கறதா?”

சுரேஷ்குமார் அப்போது லாரிக்காரர்களோடு போனில் இருந்தார். தீபம் லாரித் தண்ணீரில் நடந்தது. பெண்கள் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. காயில் கட்டப் போயிருந்த முதலாம் எண் மோட்டார், தீபம் முடிந்த மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது.

அதற்கடுத்த வாரம் நிலையத்திலேயே விசாரணை. சென்னையிலிருந்து தலைமையக அதிகாரி ராமகிருஷ்ணன் வந்தார். முக்காலம் கம்பெனியின் ஆர்த்தி லேப்டாப் திரையில் தோன்றினாள். வேடியப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏழு கடிதங்களின் நகலையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தான். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இன்றைக்குப் பலன் என்று அவன் மனசு சொன்னது.

“டேட்டால ஒரு அப்நார்மாலிட்டியும் இல்ல சார்” என்றாள் ஆர்த்தி. “அன்னைக்கு மெஷின் பர்ஃபெக்ட்டா இருந்திருக்கு.”

“மொத நாளு சிவப்பு காட்டுச்சு மேடம். எழுவது நாள்னு சரியா சொல்லுச்சு” என்றான் வேடியப்பன்.

“அது லேர்னிங் பீரியட் எரர். உங்க ஆபீஸ் ரெசல்யூஷன் அனுப்பினாங்க. டெலிட் பண்ணிட்டோம்.”

“பொட்டி சந்தனத்து மேல இருந்துச்சு சார்.”

“அது சுற்றறிக்கை. விருது வாங்கின முறை” என்றார் ராமகிருஷ்ணன். “அதுல தப்பு இருக்க முடியாது.”

வேடியப்பன் கவரை நீட்டினான். ராமகிருஷ்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏழு கடிதத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். கழகத்தின் வரலாற்றில் ஒரு கீழ்நிலை ஊழியரின் கடிதத்தை முழுதாகப் படித்த முதல் அதிகாரி அவர்தான். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“பேரிங் போகும்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க சார்.”

“எந்தப் பக்கத்துப் பேரிங்னும் எழுதியிருக்கீங்க. தீபத்துக்கு முன்னாடி நிக்கும்னும் எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க சார்.” வேடியப்பனுக்குக் கண் கலங்கியது. கடைசியில் ஒருவர் படித்துவிட்டார்.

“அதே பேரிங். அதே பக்கம். அதே வாரம்.” ராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “முக்காலத்துக்கே தெரியாத விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

வேடியப்பன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

“மெஷினுக்குத் தெரியல, எஞ்சினியருக்குத் தெரியல, சென்னைக்குத் தெரியல. உங்களுக்கு மட்டும் தெரியுது. செஞ்சவனுக்குத்தானேய்யா முன்னாடியே தெரியும்?”

சுரேஷ்குமார் ஆமோதித்துத் தலையாட்டினார். ஏழு கடிதமும் ஏழு ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவாயின. ஒன்பது வருடச் சேவையைக் கருதி போலீசுக்குப் போகவில்லை. நிரந்தரப் பட்டியலில் நான்காவது பெயர் அடிக்கப்பட்டது. ஒப்பந்தம் தொடரவேண்டுமென்றால், இனி எந்தப் பழுதையும் முன்கூட்டி அறியவோ தெரிவிக்கவோ மாட்டேன் என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டும்.

வேடியப்பன் பேனாவை வாங்கினான். பக்கத்து அறையில் முதலாம் எண் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சற்றுக் காதைச் சாய்த்துக் கேட்டான்.

“சார், எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடட்டுங்களா? இந்த மோட்டாரும்...”

“மொதல்ல எழுது. அப்பறம் சொல்லு” என்றார் ராமகிருஷ்ணன்.

எழுதினான். தேதி போட்டான். கையெழுத்தும் போட்டான்.

“ம், இப்ப சொல்லு. என்னா?”

“ஒண்ணுமில்லீங்க சார்.”

பழுதை முன்கூட்டி அறியும் கருவி ஒன்று அடி அண்ணாமலை நிலையத்தில் ஒன்பது வருடமாக நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. கழகம் அன்றைக்கு, சாட்சி வைத்து, கையெழுத்து வாங்கி, அதை அணைத்தது.