பழமொழியார் பெண் கேட்கப் போனார்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பழமொழி சொல்லாமல் மூக்கைக்கூடச் சிந்தாத ஒரே மனிதர் எங்கள் பழமொழியார்தான். தொண்ணூறுகளில் பதுளையில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் அவர் பெரிய கிளார்க், நான் சின்னக் கிளார்க்.

நாய்க்கு மட்டும் அவரிடம் ஒரு கொப்பி நிறைய எழுதிவைத்த பழமொழி இருந்தது. மாமியாருக்கு இரண்டு கொப்பி. "மருமகளுக்குச் சாதகமா ஒன்னுகூட இல்லையா?" என்று டைப்பிஸ்ட் அக்கா சண்டைக்குப் போனதும், மனிதர் ஒருநாள் லீவு போட்டுத் தேடினார். மறுநாள் வெற்றியோடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலும் கடைசியில் மருமகள்தான் அடி வாங்கினாள்.

எழுத்தாளர்களையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகைக் கதையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கிழவி மீன்பிடிப் பழமொழி சொல்லிவிட்டாள். கடலையே பார்க்காதவள் வாயில் அது எப்படி வந்தது என்று நான்கு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். அந்த எழுத்தாளர் அடுத்த கதையில் ஒருவரையும் வாய் திறக்க விடவில்லை.

தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் அவர் மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஒருமுறை பண்டாரவளையில் ஒருவரும் கொஸ்லந்தையில் அவருடைய எதிரியும் ஒரே பழமொழியால் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். இரண்டுக்கும் சப்ளை இவர்தான். கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும் சரியாத்தானே தம்பி இருந்துச்சு?" என்றார்.

இப்படிப்பட்டவரைத்தான் எனக்குப் பெண் கேட்க அழைத்துப்போக வேண்டியிருந்தது. அப்பா இல்லை, முறைப்படி பேச அம்மாவோடு ஓர் ஆண்துணை வேண்டும். பெண்ணோ அப்புத்தளைப் பக்கத் தோட்டத்துச் சங்கத் தலைவரின் மகள். அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று நான் உறுதியாக இருந்தேன். பயம் என்னவென்றால், முந்தின வருடம்தான் ஒரு நண்பனுக்குப் பெண் பார்த்த வீட்டில் இவர் அழகைப் பற்றி ஒரு பழமொழியை எடுத்துவிட, தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதனால் பதுளை ஸ்டேஷனிலேயே அவரிடம் சத்தியம் வாங்கினேன். ஒரு பழமொழிகூட வரக்கூடாது.

மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெண் வீட்டுக்குள் நுழைந்ததும், ஆபத்தே வேண்டாமென்று வாய் நிறைய வெற்றிலையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் மழையைப் பற்றிக் கேட்டார், தலையாட்டல். சங்கத்தைப் பற்றிக் கேட்டார், அதற்கும் தலையாட்டல். என்னைப் பற்றிக் கேட்டபோதும் அதே தலையாட்டல்தான். தலைவரின் முகம் கறுத்தது. வெற்றிலைத் தட்டைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"மே தினக் கூட்டத்துல மைக்க விடாத மனுசன் நீங்க. இன்னைக்கு வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க. மாப்பிள்ளகிட்ட என்னமோ கோளாறு இருக்குங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். கதவோரம் தெரிந்த சேலைத் தலைப்பும் மறைந்துபோயிற்று. "அண்ணே, எதையாவது சொல்லுங்க," என்று கெஞ்சினேன். அவர் எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து நின்றார். நாயா, மாமியாரா, எது வரப்போகிறதோ தெரியவில்லை.

"எனக்குப் புள்ள குட்டி இல்லீங்க," என்றார். "இருந்திருந்தா இவனாட்டம் இருக்கணும்னுதான் ஆசப்பட்டிருப்பேன். பொண்ணக் குடுங்க."

 தலைவர் வெற்றிலைத் தட்டை மறுபடி எங்கள் பக்கம் நகர்த்தினார்.

திரும்பி வரும் ரயிலில், ஏன் ஒரு பழமொழியும் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கெஞ்சியதுமே சத்தியம் காலாவதி ஆகிவிட்டதே.

"தேடிப் பாத்தேன் தம்பி. எல்லாத்துலயும் எங்கயாவது ஒரு குத்தல் இருக்கு. ஒன்னயக் குத்த மனசு வரல."

அப்பா இருந்திருந்தால்கூட இத்தனை அழகாகக் கேட்டிருக்கமாட்டார் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். தியத்தலாவையில் ஏறிய வடைக்காரரிடம் இரண்டு வடை வாங்கி, இரண்டையும் அவர் கையிலேயே வைத்தேன்.