கட்டை வைத்து நிறுத்திய சைக்கிள்

ஸ்ட்ராபெரி கடை முதலாளி அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. லோரி மாமா நடு ரோட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்து, நின்றுகொண்டிருந்த உங்கள் வேனில் தானே மோதிக்கொண்டார் என்று ரிங்லெட் டவுன் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறீர்கள். அது பொய். ஏன் பொய் என்று சொல்வதற்கு முன், லோரி மாமா யாரென்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். கொஞ்சம் காத்திருங்கள்.

உலகத்தில் சைக்கிளை லோரியாக ஓட்டிய ஒரே மனிதர் அவர்தான். சந்தேகம் இருந்தால் உலகம் பூராவும் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மலைமேல் பிரிஞ்சாங்கில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் வரை போய்வந்த லோரி டிரைவர் அவர். வயதாகி லோரியை விட்டு இறங்கிய மறுநாளே சைக்கிளில் ஏறினார். ஆனால் லோரியிலிருந்து முழுதாக இறங்கவில்லை. காலையில் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வருவார். இரண்டு டயரையும் உதைத்துப் பார்ப்பார். குனிந்து, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று தேடுவார். சைக்கிளில் ஏது எண்ணெய் என்று கேட்டால் முறைப்பார். ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பழைய லோரியின் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். எதிர்க்காற்று அடித்தால் வண்டி முன்னால் போகாது. மாமா அசையாமல் மிதித்துக்கொண்டே இருப்பார். காற்றுதான் கடைசியில் களைத்துப்போகும்.

ஹோன் வேறு. பேட்டரி கட்டி, லோரி ஹோனையே மாட்டியிருந்தார். ஒருமுறை ஒரு வளைவில் அதை அடித்தார். எதிரே வந்த சுற்றுலா பஸ் பதறி ஓரம் கட்டி நின்றது. மாமா மெதுவாக வளைவில் திரும்பி, கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுக் கடந்துபோனார். பஸ் டிரைவர் நகரவில்லை. லோரி வரட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

எங்கள் எஸ்டேட்டில் சைக்கிள் சங்கம் தொடங்கியவரும் இவரே. கீழே பெரிய டவுன்களில் மக்கள் தூக்கிப்போடும் சைக்கிள்களைக் கேட்டு வாங்கி, பழுது பார்த்து, லயத்து வரிசை வீட்டு ஜனங்களுக்குக் கொடுப்பது. கடைக்கு, கிளினிக்குக்கு, வேலைக்கு எல்லாவற்றுக்கும் சைக்கிளிலேயே போக வைப்பது. இதுதான் திட்டம். மலையில்! முதல் கூட்டத்திலேயே பார்வதி அக்கா எழுந்து நின்றது. கொழுந்தெடுக்கும் அக்கா, யாருக்கும் பயப்படாது.

"மாமா, ரிங்லெட்டுக்கு எறங்குறதுக்கு சைக்கிள், சரி. திரும்பி ஏத்துறதுக்கு யாரு, உங்க அப்பாவா வருவாரு?"

"எங்க அப்பா எதுக்கு வர்றாரு? லோரி வரும்லா."

சபை சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லோரிகள் எல்லாமே ரிங்லெட் வழியாகத்தான் மேலே வருகின்றன. ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் மாமாவிடம் கிளிண்டானாக, அதாவது லோரியில் கூடப்போய் மூட்டை இறக்கிப் பின்னால் பார்த்துச் சொல்கிற ஆளாக, இருந்தவர்கள். ரிங்லெட் தாண்டி, ரோடு மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் ஓரமாக ஒரு மண் திட்டு உண்டு. அங்கே லோரி நிற்கும். சைக்கிளைத் தூக்கிப்போட்டு, நாமும் ஏறிக்கொண்டால் எஸ்டேட் முனையில் இறக்கிவிடும். இறங்க சைக்கிள், ஏற லோரி. அவ்வளவுதான் சங்கம். தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து, நானும் அப்படித்தான் போய் வந்தேன். அடுத்த மாதமே பார்வதி அக்கா கூடை வைத்த சைக்கிள் கேட்டு வாங்கியது.

மாமாவோடு போவதில் ஒரே ஒரு கஷ்டம். சைக்கிளைப் பின்னால் நகர்த்த, அதாவது கோஸ்தான் பண்ண, கிளிண்டான் வேண்டும்.

"கோஸ்தான் பண்ணப்போறேன். பின்னால பாரு."

"மாமா, எறங்கித் தூக்கித் திருப்பி வச்சா முடிஞ்சிரும்லா."

"என்னா சொல்ற? இந்தப் பக்கம் வந்து பேசு."

வருஷக்கணக்கில் லோரி ஜன்னல் பக்கம் இருந்து அவருடைய வலது காது போய்விட்டது. இடது பக்கம் வந்து மறுபடி சொன்னேன்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வானுங்க. பின்னால ஆள் இல்லாம வண்டி ஒரு முழம்கூட நகரக்கூடாது. பார்ரா!"

நான் பின்னால் நின்று, "வா, வா, வா, லெப்ட்ல ஒடி, ஸ்டாப்!" என்று கத்துவேன். ரிங்லெட்டே நின்று வேடிக்கை பார்க்கும். மானம் போகும். அவருக்குக் கவலையே கிடையாது.

அப்புறம் கட்டை. ஏற்றத்தில் லோரியை நிறுத்தினால் டயருக்குப் பின்னால் முக்கோணக் கட்டை வைப்பார்களே, அதில் ஒன்று. சீட்டுக்கு அடியில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். சைக்கிள் எங்கே நின்றாலும், ஸ்டாண்டு போட்ட பிறகும், பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கோயில் வாசலிலும் அப்படித்தான், கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான். ஒருமுறை சைக்கிள் லோரிமேலே படுத்திருந்தபோதும் அதன் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்.

இப்போது உங்களிடம் வருகிறேன், முதலாளி.

உங்கள் கடை திறந்ததும் அந்த மண் திட்டு முழுக்க உங்கள் கார்கள். ஸ்ட்ராபெரி பறிக்க வருகிறவர்கள் நிறுத்தட்டும் என்று நீங்களே கயிறு கட்டினீர்கள். லோரி நிற்க இடமில்லை. பார்வதி அக்கா மளிகைச் சாமானோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மலை ஏறியது. மாமா சண்டை போடவில்லை. விடிந்ததும் போய் உங்கள் கயிற்றைத் தாண்டி, திட்டின் நட்டநடுவில் தன் சைக்கிளை நிறுத்தினார். கட்டை வைத்தார். லோரி பழுதாகி நின்றால் ரோட்டில் வைக்கும் சிவப்பு முக்கோணப் பலகையைத் தூரத்தில் வைத்தார்.

நீங்கள் வந்து கேட்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஏய்யா, ஒத்த சைக்கிளுக்கு எதுக்கு இவ்ளோ இடம்?"

"இது நீளமான வண்டி முதலாளி. திரும்ப இடம் வேணும்."

உங்கள் வேலைக்காரர்களே சிரித்தார்கள். அந்தக் கோபம் உங்களுக்கு இருந்தது. தினமும் அவர் வந்தார், அவர் பிடித்துவைத்த இடத்தில் லோரிகளும் மறுபடி நின்றன. அந்தக் கோபமும் சேர்ந்தது.

அன்றைக்கு நான் எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திட்டுக்கு ஓடிவந்தேன். மாமா கீழே கிடந்தார், கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. உங்கள் வேனின் பின்பக்கம் சைக்கிள்மேல் ஏறி நின்றது. நீங்கள் வேனிலிருந்து இறங்கியதுமே கத்தினீர்கள்: "பைத்தியக்காரக் கிழவன், நடு ரோட்டுல வந்து விழுந்துட்டான்!"

கிளினிக்கில் நர்ஸ் கேட்டார், "பேஷண்ட் பேர் என்னா?"

"லோரி மாமா," என்றது பார்வதி அக்கா.

"அது ஒரு பேரா? ஐசி கார்டுல என்ன பேர் இருக்கு?"

லயம் முழுக்கப் போன் போட்டுக் கேட்டோம். இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. மாமா வலியில் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். பெயரைச் சொல்வார் என்று குனிந்தேன். "கட்டைய எடுத்து வச்சியாடா?" என்றார்.

திட்டுக்கு எடுக்கப் போனேன், உங்கள் வேன் போயிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். பின் சக்கரம் அப்பளம் மாதிரி மடிந்து கட்டையின்மேல் கிடந்தது. கட்டை அவர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. கயிறு அவிழ்ந்து, மண்ணில் அழுந்தி, சக்கரத்துக்குப் பின்னால். போட்டோ எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குத் திரும்பி, பார்வதி அக்காவிடம் காட்டினேன். அக்கா ஒரு பார்வைதான் பார்த்தது.

"ஓட்டிட்டு வந்து மோதுனவன், விழுறதுக்கு முன்னால எறங்கி, பின்சக்கரத்துக்குக் கட்டை வச்சிட்டா விழுவான்? போய்க் கேளுடா அந்த ஆள!"

அதைத்தான் கேட்கிறேன். அவர் ஓட்டவில்லை. திட்டில் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு லோரிக்காக நின்றிருந்தார். மேட்டில் நின்ற உங்கள் வேன்தான் பின்னோக்கி வந்தது. பார்த்துச் சொல்லப் பின்னால் ஆள் இல்லாமல், நீங்களே கோஸ்தான் எடுத்தீர்கள். சைக்கிளுக்குக்கூட ஆள் நிறுத்தியவரை, ஆள் நிறுத்தாத வேன் இடித்தது. சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, ஃபேக்டரியில் மிஷினைக் கூட முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கால் மாவுக்கட்டில் இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் லயத்தில் அவரைப் பார்க்கப் போனேன். ஒரு நிமிஷம் சும்மா இருக்காத மனிதர், சுவரைப் பார்த்துக் கிடந்தார். ஊரே பேசுவது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"டேய், நான் நடு ரோட்டுலதான் வந்தேனா? எல்லாரும் சொல்றானுங்களே. எனக்கே இப்ப சரியா ஞாபகம் இல்லடா. சைக்கிளையெல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்ரு. சங்கத்த மூடிருவோம்."

நீங்கள் உடைத்தது காலை மட்டுமில்லை, முதலாளி. ஆயுளில் ஒருநாளும் கட்டை வைக்க மறக்காதவரை, தன்மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டீர்கள்.

போட்டோவைப் படுக்கையிலேயே காட்டினேன். வாங்கிப் பார்த்தார். "யாரு வச்ச கட்டையோ," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் சொன்னால் நம்ப மாட்டார். நான் அவருடைய கிளிண்டான், அவர் பக்கம்தான் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் சொன்னால்தான் நம்புவார்.

இந்தப் பத்திரிகை உங்கள் கல்லாப் பெட்டி மேல் எப்போதும் கிடக்கும், பார்த்திருக்கிறேன். அதனால் இங்கேயே கேட்கிறேன், இங்கேயே பதில் எழுதுங்கள். கடைக்குள் கூப்பிட்டு என்னிடம் ரகசியமாகச் சொல்ல வேண்டாம். ஊர் அறியப் பொய் சொன்னீர்கள், ஊர் அறிய உண்மையைச் சொல்லுங்கள்: வேன் பின்னோக்கி வந்ததா இல்லையா? அவர் கட்டை வைத்து நின்றிருந்தாரா இல்லையா? பெரிய எழுத்தில் வேண்டாம், நாலு வரி போதும். நான் அவருடைய இடது காதுப் பக்கம் உட்கார்ந்து வாசித்துக்கொள்கிறேன்.