நீலக் கோடு போட்ட எலி

கூண்டு திறந்திருந்தது, எலியைக் காணோம். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் எலிக்காரர் மேசைக்கடியிலெல்லாம் குனிந்து தேடிவிட்டார். கொக்கியை மாட்ட மறந்தது சாட்சாத் அவரேதான்.

அது ஏதோ சாதாரண எலியா என்ன? ‘வளர்ந்தது போதும், நிறுத்து’ என்று சிறுநீரகத்தை அதட்டும் மரபணு பழுதாகிப் பிறந்த எலி. அதட்ட ஆளில்லாமல் அதன் சிறுநீரகம் நீர்க்கட்டிகளாக ஊதி, திராட்சைக் குலை போலாகியிருந்தது. ஆய்வை நடத்தும் டாக்டரம்மா ஒரு மாதமாக அதற்குப் புது மருந்து கொடுத்து வந்தார்.

எலிக்காரரின் அக்காவுக்கும் இதே வியாதிதான்; அதே டாக்டரம்மாவிடம்தான் வைத்தியம். அதனால், வீட்டு மாப்பிள்ளையைக்கூட விசாரிக்காத அந்தக் குடும்பம் தினமும் எலியை நலம் விசாரித்தது.

மதியம் ஸ்கேன். எதிர்ச்சாரியில் இருந்த கிளி, முயல் விற்கும் கடைக்கு ஓடினார்.

“வெள்ளெலி இருக்கா?”

“ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். இப்பத்தான் குளிப்பாட்டி விட்டேன், கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு பாருங்க!”

பேரம் பேசாமல் வாங்கிவந்து, ஆய்வக அடையாளமான நீலக் கோட்டை அதன் வாலில் போட்டுக் கூண்டில் விட்டார். அப்பாடா!

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியோடு துள்ளினார். “கட்டியெல்லாம் வத்திப்போச்சு! மருந்து வேலை செய்யுதுங்க!”

“மெஷின்ல கோளாறா இருக்கும், மேடம்.”

வேறு மெஷினில் பார்த்தார்கள். அதில் இன்னும் அழகாகத் தெரிந்தது. டாக்டரம்மா உடனே அக்காவுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு. “தம்பி, இன்னும் இருபது வருஷம் இருந்து உன் உயிரை வாங்கப்போறேன்டா!”

எலிக்காரர் போனை வைத்தார். கடை எலியைக் காட்டி அக்காவை ஏமாற்றுவதா? உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. சரி, எலியே சொல்லட்டும்!

“மரபணுவையும் ஒருதடவை சோதிச்சிடுங்க, மேடம்.”

கடை எலிக்கு மரபணு நன்றாகத்தான் இருக்கும். குட்டு உடையும், வேலை போகும். போகட்டும். அக்காவுக்கு வீண் ஆசை மிஞ்சாது.

முடிவு வந்தது.

“அதே பழுது, அப்படியே இருக்கு!” டாக்டரம்மா கூவினார். “ஆனா கட்டி மட்டும் இல்ல!”

எலிக்காரருக்குத் தலை பம்பரமாகச் சுற்றியது. கடைக்குப் பறந்தார்; கடைக்காரரின் சட்டையைப் பிடிக்காத குறை. “உண்மையைச் சொல்லுங்க, அந்த எலி எங்கேருந்து வந்துச்சு?”

கடைக்காரர் அசடு வழிந்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார், அன்னிக்குக் காலையில உங்க கேட்டுலேருந்து ரோட்டைத் தாண்டி ஓடிவந்ததுதான். வாலுல இருந்த நீலக் கோட்டைத் தேய்ச்சு அழிக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு!”