விழுந்துச்சா, விழலையா?

நடுவராக இருப்பவனுக்கு நல்ல கண் வேண்டும். அது இல்லாவிட்டால் நல்ல வாயாவது வேண்டும் என்று இருபத்து நான்கு வயதில் நான் நம்பினேன். (வாயும் சுமார்தான் என்பது பிறகு தெரிந்தது.)

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் கூடைப்பந்து இறுதிப் போட்டி, எங்களுக்கும் ராயகிரிக்கும். நடுவர்கள் நானும் மாரியப்பன் அண்ணனும். ஒருவர் கூடைக்கு அடியில், மற்றவர் நடுக்கோட்டுப் பக்கம். ஆட்டம் திரும்பினால் இடமும் மாறும்.

"நீ கூடைக்கு அடியில நிக்கும்போது ஆளப் பாரு. பந்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணன். நானோ சினிமாவுக்கு வந்தவன்போல் பந்தையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வினாடி. ராயகிரி ஒரு புள்ளி முன்னால். எங்கள் ஊர்ப் பையன் எம்பிப் பந்தை எறிந்தான். அது போகும் திசையில் நானும் ஓடினேன். நான் ஓடமாட்டேன் என்று நம்பி அண்ணனும் ஓடிவந்தார். மண்டையும் மண்டையும் மோதிய சத்தத்தில் ஆட்டம் முடிந்த மணியே கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

கூடையில் வலை கிடையாது; பந்து விழுந்தது என்று எங்கள் ஊரும், விழவில்லை என்று ராயகிரியும் கத்திக்கொண்டிருந்தன. மல்லாந்து கிடந்த என்னை, எங்கள் அணியின் பயிற்சியாளர் தேவராஜ் சார் உலுக்கினார். எனக்கும் ஒரு காலத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர்.

"ஏலே, விழுந்துச்சா, விழலையா?"

"விழுந்துட்டு சார்."

நான் சொன்னது என் மூக்குக்கண்ணாடியை.

ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பையனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். இனி எப்படி இல்லை என்பது? ராயகிரிப் பயிற்சியாளர் சுடலையாண்டி அண்ணாச்சி நிதானமாக நடந்து வந்தார்.

"நெசமாவே பாத்தீரா வே?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் அண்ணாச்சி."

அவர் சட்டைப்பையிலிருந்து என் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "பந்து கூடைக்குப் போகுததுக்கு முன்னாலயே இது என் காலடியில வந்து கிடக்கு."

கண்ணாடியை மாட்டியதும் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பயிற்சியாளர்களையும் பக்கத்தில் கூப்பிட்டேன். "நான் பாக்கல. இவரும் பாக்கல." நெற்றியில் ஐஸ் வைத்திருந்த மாரியப்பன் அண்ணன், வலியோடு தலையாட்டினார்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கதுக்கு என்னலே?" என்று தேவராஜ் சார் பல்லைக் கடித்தார்.

கடைசியில், அதே பையன் இன்னொரு முறை எறியட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். (எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத தீர்ப்பு.) தோளிலிருந்து இறக்கப்பட்ட பையன் எறிந்தான். பந்து கூடையைத் தொடவேயில்லை. மதிலைத் தாண்டி வேப்பமரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது.

ராயகிரி கோப்பையோடு பஸ் ஏறியது. சுடலையாண்டி அண்ணாச்சி ஜன்னல் வழியே என் கையைக் குலுக்கினார். அன்று என் கையைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். ஒரு மாதம் நான் தேரடிப் பக்கம் தலைகாட்டவில்லை.

இன்றும் "கேஸ அணைச்சிட்டியளா?" என்று மனைவி கேட்டு, "அணைச்சாச்சு, என் கண்ணால பாத்தேன்" என்று நான் சொன்னால், அவள் அடுப்பைப் போய்ப் பார்ப்பதில்லை. என் மூக்கின் மேல் கண்ணாடி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறாள்.