சாம்பியன் விழுந்த விதம்

"போன வருஷம் நீ விழுந்த விதம் சரியில்லப்பா," என்றார் மேனேஜர் நெகிஷி. "தலைவர் முகமே சுண்டிப் போச்சு."

இசோகாய் தலையைக் குனிந்துகொண்டான். ஜப்பானின் தேசிய ஜூடோ சாம்பியன். போட்டியில் அவன் எதிரே வந்து நிற்பவர்கள் தோற்றுத்தான் திரும்புவார்கள். ஆனால் அவனுக்குச் சோறு போடுவது குளியல்தொட்டிக்கு மூடி செய்யும் இந்தக் கம்பெனி. காலையில் காகிதங்களுக்கு ஸ்டேப்ளர் அடிப்பான். மாலையில் கம்பெனியின் ஜூடோ அணியில் பயிற்சி.

ஆண்டுவிழாவில், எழுபது தாண்டிய கம்பெனித் தலைவர் ஒக்குமுரா, கல்லூரிக் காலத்துக் கறுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சாம்பியனோடு மோதுவார். சாம்பியன் விழ வேண்டும். எந்த விதியிலும் இல்லாவிட்டாலும், அது தெரியாதவர் கம்பெனியில் கிடையாது.

முதல் வருஷம் இசோகாய் சிறிது நேரம் தாக்குப்பிடித்துவிட்டு விழுந்தான். "இன்னும் பயிற்சி வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார் தலைவர்.

"கேட்டியா? ரொம்ப இழுத்துட்டே," என்றார் நெகிஷி. "சட்டுனு விழு."

மறு வருஷம் அவர் சட்டையைப் பிடித்ததுமே விழுந்தான். "இன்னும் நிறைய பயிற்சி வேணும்," என்றார் தலைவர்.

இந்த வருஷம் நிலைமை மோசம். அணியையே கலைக்கப் போவதாகப் பேச்சு. கலைத்தால் இசோகாய் வீடு வீடாக மூடி விற்கப் போக வேண்டியதுதான். உலகப் போட்டிக் கனவும் அதோடு சரி.

நெகிஷி விடவில்லை. தானே தலைவராக நின்று அவனுக்கு விழப் பயிற்சி கொடுத்தார். அதன் பலன் மாவட்டப் போட்டியில் தெரிந்தது. எதிராளி மரியாதைக்கு வணங்கினான். இசோகாய் மல்லாந்து விழுந்தான்.

"பழக்க தோஷம் சார்!"

"அதே கச்சிதம் விழாவுலயும் வேணும். கூடவே ஒரு 'ஆ'வும் போடு."

விழா நாளில் தலைவரின் கை சட்டையைத் தொடுவதற்குள் இசோகாய் "ஆ!" என்று அலறியபடி எகிறி விழுந்தான். அரங்கமே கைதட்டியது. நெகிஷி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென வெளியேறினார்.

சற்று நேரத்தில் அறிவிப்பு வந்தது: ஜூடோ அணி கலைக்கப்பட்டது.

இசோகாய் நெகிஷியிடம் ஓடினான். "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"அந்த 'ஆ'வைக் கொஞ்சம் இழுத்திருக்கலாம்," என்றார் நெகிஷி.

அப்போது தலைவரின் மனைவி வந்து, பிரிக்காத வலிப் பிளாஸ்திரிப் பொட்டலம் ஒன்றை அவனிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கோங்க தம்பி. 'சாகறதுக்குள்ள ஒரு நிஜ சாம்பியன் கையால தூக்கி எறியப்படணும்'னு வருஷா வருஷம் ஆசையா வாங்கி வைப்பாரு. இப்ப, 'ஒரு கிழவனைக்கூட அசைக்க முடியாத பசங்களுக்கு எதுக்கு அணி'ன்னு கார்ல உக்காந்து அழறாரு."